தட்டும் முள்ளும்: அறிவியல் புனைகதையில் இசைத்தட்டு

சூரியனை மறைத்து நிற்கும் ஒரு மேகம் பீத்தோவனைக் கேட்கிறது. ஃப்ரெட் ஹாயில் 1957இல் வெளியிட்ட ‘தி பிளாக் கிளவுட்’ நாவலில் வரும் காட்சி இது. அந்த மேகத்துக்கு உயிர் உண்டு, அறிவும் உண்டு. அதனோடு வானொலி அலைகளில் பேசப் பழகிக்கொண்ட விஞ்ஞானிகள், மனிதர்களின் இசை எப்படி இருக்கும் என்று காட்ட ‘ஹாமர்கிளாவியர்’ பியானோ சொனாட்டாவை அனுப்புகிறார்கள். மேகம் முழுதும் கேட்டுவிட்டு, முதல் பகுதியை 30 சதவீதம் வேகம் கூட்டி மறுபடி அனுப்பச் சொல்கிறது. அந்த முதல் பகுதிக்குப் பீத்தோவன் குறித்துவைத்த வேகம் தேர்ந்த பியானோ கலைஞர்களே எட்டத் திணறுவது. பெரும்பாலோர் அதைவிட மெதுவாகத்தான் வாசிக்கிறார்கள். காதே இல்லாத ஒரு மேகம், எழுதியவர் மனத்தில் ஓடிய வேகத்தை நோக்கி நகர்கிறது.

ஹாயில் பெயர்பெற்ற வானியலாளர். அந்த நாவல் வெளிவந்த அதே ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார், கோலாப்பூரில் பிறந்து காசியில் வளர்ந்த ஜெயந்த் நார்லிகர். ஹாயிலிடமே ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1964இல் இருவர் பெயரையும் தாங்கிய ஈர்ப்புக் கோட்பாடு வந்தது. 1972இல் நாடு திரும்பி மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய அறிவியல் கதைப் போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற புனைபெயரில் கருந்துளையைப் பற்றி ஒரு கதை அனுப்பினார். தன் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கிச் செய்துகொண்ட பெயர். கதைக்குப் பரிசு கிடைத்தது. 1988இல் புணே பல்கலைக்கழக வளாகத்தில் வானியல், வானியற்பியலுக்கான பல்கலைக்கழகங்களிடை மையம் உருவானபோது அதன் முதல் இயக்குநரானார். 2025 மே 20ஆம் தேதி புணேயில் காலமாகும்வரை மராத்தி அறிவியல் புனைகதை என்றதும் முதலில் நினைவுக்கு வந்த பெயர் அவருடையதுதான். விஞ்ஞானி கதை எழுதலாம் என்ற துணிச்சல் ஹாயிலிடமிருந்து வந்தது என்பதை அவர் மறைத்ததில்லை.

மேகம் கேட்ட அந்த வேக மாற்றத்திலிருந்தே நம் விஷயத்துக்குப் போகலாம். இசைத்தட்டு தன்னிடம் உள்ள அத்தனையையும் தன் முகத்திலேயே வைத்திருக்கிறது. வரிப்பள்ளத்தைக் கண்ணால் பார்க்கலாம், நகத்தால் தடவலாம், பூதக்கண்ணாடி வைத்தால் ஒலி நெளிவதைக்கூடக் காணலாம். ஆனால் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை அந்தப் பள்ளம் சொல்லாது. அதைத் தெரிந்த ஒருவர் முள்ளோடு வெளியிலிருந்து வரவேண்டும். அறிவியல் புனைகதை எழுதுபவர்கள் திரும்பத் திரும்பத் தட்டிடம் வந்து சேர்வதற்குப் பழைய பொருளின் மேலுள்ள ஏக்கம் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்பவர் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையைக் கண்ணால் பார்க்கும் பொருளாகச் செய்தால் அது தட்டாகத்தான் இருக்கும். நம்பிக்கை பலித்ததா, பொய்த்ததா என்பதைத்தான் இந்தக் கதைகள் எல்லாம் பேசுகின்றன.

வேகத்தின் சிக்கல் வெறும் கற்பனையும் அல்ல. பாரிஸில் எத்வார் லேயோன் ஸ்கோட் என்பவர் 1860இல், புகைக்கரி பூசிய தாளில் தன் குரலின் அதிர்வுகளைக் கோடாக வரைந்துவைத்தார். திருப்பிக் கேட்பதற்கு அவரிடம் வழி இருக்கவில்லை. அந்த நோக்கமும் அவருக்கில்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைக் கணினியில் படமாக்கி ஒலியாக மாற்றினார்கள். ஒரு பெண்ணோ குழந்தையோ பாடுவதாக உலகமே நினைத்தது. மறு ஆண்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தபோதுதான் அது ஓர் ஆணின் குரல், பெரும்பாலும் ஸ்கோட்டின் குரலே என்று தெரிந்தது. 148 ஆண்டுகள் காத்திருந்த ஒரு குரல், வந்து சேர்ந்த பிறகும் ஒரு வருடம் வேறொருவர் குரலாகக் கேட்கப்பட்டது.

கதைகளில் ஒலிப்பதிவு நுழைந்தது தட்டு பிறப்பதற்கு முன்பே. பிரெஞ்சு எழுத்தாளர் வில்லியே தெ லீல் அதாம் 1886இல் எழுதிய ‘வருங்கால ஏவாள்’ நாவலில் எடிசன் ஓர் எந்திரப் பெண்ணைச் செய்கிறார். அவள் நெஞ்சில் நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் தங்கத்தாலான இரண்டு போனோகிராஃபுகள். ஜூல் வெர்னின் ‘கார்பேத்தியக் கோட்டை’ (1892) இன்னும் கூர்மையானது. மேடையில் இறந்துபோன பாடகி ஒருத்தியின் குரலை ஒரு பிரபு பெட்டியில் அடைத்துவைத்து, இடிந்த கோட்டையில் தனியாக உட்கார்ந்து கேட்கிறார். கடைசியில் துப்பாக்கிக் குண்டு அவரைத் தவறவிட்டுப் பெட்டியைத் துளைக்கிறது. அவர் கதறுவது தன் உயிருக்காக அல்ல, உடைந்த குரலுக்காக. வெர்னை மராத்திப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பா. ரா. பாகவத். புணேக்குப் பக்கத்து ஃபுர்சுங்கியிலிருந்து கிளம்பும் ‘ஃபாஸ்டர் ஃபேணே’ என்ற துடுக்குப் பையனைப் படைத்தவரும் அவர்தான். மராத்தியில் அறிவியல் கதை படிக்கும் பழக்கத்துக்கு அந்த மொழிபெயர்ப்புகள் போட்ட அடித்தளம் பெரியது.

ஆனால் ஒலிப்பதிவும் அறிவியல் கதையும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஊர் கல்கத்தா. ‘குந்தலீன்’ என்ற தலைமுடித் தைலம் தயாரித்துவந்த ஹேமேந்திரமோகன் போஸ், தன் சரக்குக்கு விளம்பரமாகவும் வங்காளச் சிறுகதைக்கு ஊக்கமாகவும் ஒரு பரிசை ஏற்படுத்தினார். 1896இல் அந்தப் பரிசை வென்ற கதை ஜகதீஷ் சந்திர போஸ் எழுதியது. கல்கத்தாவை நோக்கி வந்த புயல் காணாமல் போகிறது. கடலில் கொட்டிய ஒரு குப்பித் தைலம் அலைகளை அடக்கியதுதான் காரணம் என்று பிறகு தெரிகிறது. நீர்ப்பரப்பின் இழுவிசையை வைத்து எழுதப்பட்ட அந்தக் கதையை வங்க அறிவியல் புனைகதையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். பரிசு கொடுத்த அதே ஹேமேந்திரமோகன் சில ஆண்டுகளில் போனோகிராஃப் உருளைகளில் ரவீந்திரநாத் தாகூரின் குரலைப் பதிவுசெய்தார். 1908இல் பிரான்ஸின் பாத்தே கம்பெனியோடு சேர்ந்து தட்டுகளும் வெளியிட்டார். குரலைச் சேமித்தவரும் அறிவியல் கதைக்குப் பணம் கொடுத்தவரும் ஒரே ஆள். அப்படியிருந்தும் குரல் சேமிக்கும் எந்திரத்தைப் பற்றி ஒரு பெரிய கதை அங்கே பிறக்கவில்லை என்பது எனக்கு ஆறாத குறை. பின்னாளில் அறிவியல் கதைகளும் எழுதிய சத்யஜித் ராய் அந்தக் குடும்பத்து வாரிசு. ஹேமேந்திரமோகனின் மனைவி மிருணாளினி, ராயின் தாத்தா உபேந்திரகிஷோரின் தங்கை.

தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். புணேயின் மங்கள்வார் பேட்டில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில், பித்தளைப் பூட்டுகளுக்கும் பழைய கேமராக்களுக்கும் நடுவே 78 வேகத் தட்டுகள் கிடைத்துவந்திருக்கின்றன. கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனம். பீங்கான் தட்டைப் போல விளிம்பு கூசும். கீழே விழுந்தால் பீங்கான் போலவே சிதறும். வினைல் இல்லை இது. 1948இல் கொலம்பியா கம்பெனி நீள்நேரத் தட்டை வெளியிட்டதிலிருந்துதான் வினைல் பரவியது. அதற்கு முந்தியவை அரக்கு. நம் காட்டு மரங்களில் அரக்குப் பூச்சி கசியவிடும் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்தியவை. உலகம் முழுவதும் சுழன்ற அந்தத் தட்டுகளுக்கு அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போயிற்று. ஒரு பூச்சியின் கூட்டில் ஒரு மனுஷியின் குரல் பதிந்திருப்பது எந்தப் புனைகதைக்கும் குறைந்ததில்லை.

அந்தக் காலத்துத் தட்டுகளின் முடிவில் இன்னொன்று உண்டு. பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைச் சொல்வார். 1902இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜானின் தட்டுகளில் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரை அறிவிப்பது பிரசித்தம். காரணம் தொழில் சார்ந்தது. இங்கே பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் பிரதி எடுக்கப்பட்டன. அங்கிருந்த தொழிலாளிக்கு இந்தியில் பாடியது யார், எந்தத் தட்டுக்கு எந்தச் சீட்டை ஒட்டுவது என்று தெரியாது. அதனால் பாடியவரே தட்டுக்குள்ளிருந்து தன்னை அடையாளம் காட்டிக்கொண்டார். மொழி தெரியாத, முகம் தெரியாத, தொலைதூரத்து ஆள் ஒருவர் கேட்பார் என்று தெரிந்தே பேசிய குரல் அது. வேற்றுக்கிரகவாசிக்குச் செய்தி அனுப்பும் கதைகள் எல்லாவற்றுக்கும் முன்னோடியாக அதை நான் வைப்பேன்.

அந்தப் பெயர் இல்லாமல் போனால்? ஃபிலிப் கே. டிக் அதைத்தான் எழுதினார். இளமையில் பெர்க்லி நகரத்து இசைத்தட்டுக் கடைகளில் வேலை பார்த்தவர். தட்டுகளோடு வாழ்ந்தவர். அவருடைய ‘ஃப்ளோ மை டியர்ஸ், தி போலீஸ்மேன் செட்’ (1974) நாவலில் ஜேசன் டேவர்னர் கோடிக்கணக்கானோர் பார்க்கும் தொலைக்காட்சிப் பாடகர். ஒரு நாள் காலை விழிக்கும்போது அவரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடையாள அட்டை இல்லை, பிறப்புப் பதிவு இல்லை. அலைந்து திரிந்தபின் ஒரு பெண்ணின் வீட்டில் தன்னுடைய இசைத்தட்டுகளைப் பார்க்கிறார். உறையில் அவர் படம், அவர் பெயர். நடுங்கும் கையோடு தட்டைப் போடுகிறார். சத்தமே வரவில்லை. பள்ளங்களில் ஒன்றும் இல்லை. டிக் எழுதிய பயங்கரங்களில் இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. தட்டு இருக்கிறது, உறை இருக்கிறது, கேட்கவும் ஆள் இருக்கிறது. குரல் மட்டும் இந்த உலகத்துக்கு வந்து சேரவில்லை.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது நார்லிகரின் பானிபட் கதை. ‘தி அட்வென்ச்சர்’ என்ற பெயரில் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இருப்பதால் பல தமிழ் மாணவர்களும் படித்திருப்பார்கள். புணேயைச் சேர்ந்த வரலாற்றுப் பேராசிரியர் கங்காதர்பந்த் கைத்தோண்டே. கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவதில் 999 என்ற எண்ணிக்கையைத் தொட்டவர். பானிபட்டில் மராட்டியர் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபடி நடக்கும்போது லாரி மோதுகிறது. அதன்பின் அவர் இருப்பது வேறொரு இந்தியா. புணேயிலிருந்து ரயிலேறி பம்பாய்க்குப் போகிறார். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் கடை விரித்திருக்கிறது. நூலகத்துக்குப் போய்த் தானே எழுதிய வரலாற்று நூலை எடுத்துப் பார்க்கிறார். 1761 பானிபட் போர்வரை எல்லாம் அவருக்குத் தெரிந்த வரலாறு. அங்கேதான் பாதை மாறுகிறது. அந்த உலகத்தில் பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவ் போரில் சாகவில்லை. ஆதாரமான பழைய பகர் என்னும் மராத்தி வரலாற்று ஏட்டில், குண்டு அவர் காதோரம் உரசிப் போனதாக எழுதியிருக்கிறது. நம் உலகத்தில் அதே குண்டு அவரைக் கொன்றது.

அந்த ஏடு கைத்தோண்டேயின் பையில் தற்செயலாக வந்துவிடுகிறது. ஆசாத் மைதானத்துக் கூட்டத்தில், காலியாகக் கிடந்த தலைவர் நாற்காலியில் பழக்கதோஷத்தில் போய் உட்கார்ந்து அடிபட்டு, அவர் நம் உலகத்துக்குத் திரும்பும்போது புத்தகம் போய்விடுகிறது. கிழிந்த ஒரே ஒரு பக்கம் பையில் மிச்சம். அந்தப் பக்கத்தைத்தான் அவர் தன் இயற்பியல் நண்பரிடம் நீட்டுகிறார்.

டிக்கின் தட்டும் நார்லிகரின் பக்கமும் ஒரே கேள்விக்கு எதிரெதிர் விடைகள். இரண்டிலும் ஒருவர் தன் உலகத்திலிருந்து வேறொன்றுக்குள் தள்ளப்படுகிறார். இரண்டிலும் சாட்சியாக ஒரு பதிவு வருகிறது. டிக்கிடம் சாட்சி வெறுமையாக இருக்கிறது. நார்லிகரிடம் சாட்சி பேசுகிறது. அவர் வரலாற்றின் மேல் பிடிப்புள்ள ஊரின் எழுத்தாளர். பாரத இதிகாச சம்சோதக் மண்டல், பண்டார்கர் நிறுவனம் ஆகிய ஆய்வு நிறுவனங்கள் இருக்கிற புணேயில், கிழிந்த ஏடுதான் கடைசிச் சாட்சி என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத விஷயம். கலிஃபோர்னியாவின் தட்டுக்கடைப் பையனுக்குச் சாட்சி வினைல். புணேப் பேராசிரியருக்குச் சாட்சி, மோடி என்னும் பழைய மராத்தி எழுத்துக் காகிதம். இந்த ஒப்பீட்டில் நார்லிகரின் கதை கொஞ்சம் பாதுகாப்பானது என்றே எனக்குப் படுகிறது. நண்பர் வந்து குவாண்டம் இயற்பியலால் விளக்கம் கொடுத்துவிடுவதால் பேராசிரியரின் திகில் சீக்கிரமே தணிந்துவிடுகிறது. டிக் தணிக்கவே மாட்டார்.

ஜே. ஜி. பல்லார்டின் ‘தி சவுண்ட்-ஸ்வீப்’ (1960) வேகத்தை எல்லைவரை கொண்டுபோகிறது. அங்கே மனிதர்கள் காதுக்கு எட்டாத மீயொலி இசையைத்தான் ரசிக்கிறார்கள். நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும் தட்டில் 45 நிமிடச் சிம்பொனி 20 நொடிக்குள் அடங்குகிறது. கேட்கிற பாட்டுக்கு மதிப்பில்லை. பேச முடியாத ஒரு துப்புரவாளன், வேலையிழந்த பழைய ஓபரா பாடகிக்காக உருகுகிறான். வேலைகளுக்கு நடுவே இசையைத் துண்டு துண்டாகக் கேட்கும் நம் தலைமுறை அந்தக் கதையைத் தேடிப் படிக்க வேண்டும். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001’ (1968) படத்தில் கணினியின் நினைவகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அதன் பாட்டு மெதுவாகி, கட்டையாகி, இழுபட்டு நிற்கிறது. சாவி தீர்ந்த கிராமபோன் நிற்கும் விதம் அப்படியே அது. வருங்காலத்து எந்திரத்தின் மரணத்துக்கு, பார்வையாளர் காது ஏற்கெனவே அறிந்த மரணம் அதுதான்.

வால்டர் டெவிஸின் ‘தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்’ (1963) வேறு வகை. தண்ணீர் வற்றிய கிரகத்திலிருந்து வந்த நியூட்டன் என்பவர், குடிப்பழக்கத்திலும் அரசாங்கத்தின் பரிசோதனைகளிலும் சிக்கித் தோற்றுப்போகிறார். கடைசியில் அவர் செய்வது ஓர் இசைத்தட்டை வெளியிடுவது. வானொலியில் ஒலிபரப்பானால் அலைகள் எப்போதாவது வீட்டிலிருக்கும் தன் மனைவியைச் சேரலாம் என்ற ஆசை. அது அங்கே சேர்வதற்குள் கடைக்குப் போன பழைய நண்பர் ஒருவர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு அவரைத் தேடி வருகிறார். மனைவிக்கு அனுப்பிய செய்தி நண்பனைச் சேர்கிறது. 1976இல் இதைப் படமாக எடுத்தபோது நியூட்டனாக நடித்தவர் டேவிட் போவி. தட்டுகளால் உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகர்.

1977இல் புனைகதை நிஜமாயிற்று. வாயேஜர் 2 விண்கலம் ஆகஸ்ட் 20ஆம் தேதியும் வாயேஜர் 1 செப்டம்பர் 5ஆம் தேதியும் கிளம்பின. இரண்டின் உடம்பிலும் தங்கமுலாம் பூசிய செம்புத் தட்டு. வானியலாளர் கார்ல் சேகனின் தலைமையில் ஒரு சிறு குழு தேர்ந்தெடுத்த 90 நிமிட இசை, 115 படங்கள், 55 மொழிகளில் வாழ்த்து. கூடவே முள்ளும் அனுப்பினார்கள். வேகம் நிமிடத்துக்கு 16⅔ சுற்று. அந்தக் கால நான்கு வேகப் பெட்டிகளில் பலரும் தொடாமலே விட்ட அந்த மெதுவான வேகம். மேல்மூடியில் படம் வரைந்து, ஒரு சுற்றுக்கு 3.6 நொடி என்பதை ஹைட்ரஜன் அணுவின் துடிப்பை அளவாக வைத்துக் குறித்திருக்கிறார்கள். மூடியில் கொஞ்சம் யுரேனியம் 238 பூசியிருக்கிறது. அது எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளந்தால் தட்டின் வயது தெரியும். தட்டு தன் வேகத்தைத் தானே சொல்ல முயன்றது அநேகமாக அந்த ஒரு முறைதான்.

அதில் இந்தியாவின் பங்கு கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி, மூன்றரை நிமிடம். கோவாவின் கேரி கிராமத்தில் பிறந்து, அல்லாதியா கானிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று, மகாராஷ்டிரம் தன் ‘ராஜ்ய காயிகா’ என்று கொண்டாடிய குரல். மணிக்கணக்கில் ராகத்தை விரிக்கும் ஜெய்ப்பூர்-அத்ரௌலி மரபின் பாடகியிடமிருந்து விண்வெளிக்குப் போனது 78 வேகத் தட்டின் ஒரு பக்க அளவு. வாயேஜர் 1 கிளம்பிய பதினொன்றாம் நாள், 1977 செப்டம்பர் 16இல், அவர் காலமானார். அவரைப் பரிந்துரைத்தவர் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க இசையியலாளர். 1965இல் மிருதங்கத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதியவர், தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் தம்பி ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர். தென்னிந்தியத் தாளத்தை அவ்வளவு ஆழமாக அறிந்தவரின் பட்டியலிலும் முதலிடம் கேசர்பாய்க்குத்தான். தட்டில் கர்நாடக இசை இல்லை. வாழ்த்துகளில் மராத்தியும் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. வருத்தப்படுவது இயல்பு. ஆனால் வாழ்த்துகளைப் பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தவர்களை வைத்து அவசரமாகப் பதிவுசெய்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தங்கத்தட்டு போனதும் புனைகதை அதைப் பின்தொடர்ந்தது. 1979இல் வந்த முதல் ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படத்தில், வாயேஜர் வரிசையின் ஒரு கற்பனைக் கலம் பிரம்மாண்டமான எந்திர உயிராக மாறித் தன்னைப் படைத்தவரைத் தேடிப் பூமிக்குத் திரும்புகிறது. 1984இல் ‘ஸ்டார்மேன்’ படத்தில் வேற்றுக்கிரகவாசி தட்டைக் கேட்டுவிட்டு, அழைப்பை ஏற்று நேரிலேயே வந்துவிடுகிறான். பூமி அவனைச் சுட்டு வீழ்த்துகிறது. டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979இல் எழுதிய ‘கோடெல், எஷர், பாக்’ புனைகதை அல்ல. ஆனாலும் இந்தத் துறையைப் புரிந்துகொள்ள அதைப்போல உதவும் நூல் குறைவு. தட்டில் இருப்பது மூன்று அடுக்குச் செய்தி என்கிறார். ‘நான் ஒரு செய்தி’ என்பது முதல் அடுக்கு. ‘என்னை இப்படிப் படி’ என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் இசை. பொருள் தட்டில் இருக்கிறதா, முள்ளில் இருக்கிறதா, கேட்பவர் மூளையில் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாக வாதிடுகிறார்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு 1963இலேயே ஒரு விடை வந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’. எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த அந்தப் படத்தில், விஞ்ஞானத்தில் முன்னேறிக் கலையில் வறண்டுபோன ஒரு கிரகத்திலிருந்து பறக்கும் தட்டில் ஆள் வருகிறான். அந்தப் பாத்திரத்தில் எம். என். நம்பியார். பூமியில் சிறந்த பாடகி யாரென்று பார்த்து, பானுமதியின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் மக்களுக்குப் பாட்டும் நடனமும் கற்றுத்தர. அன்றைய சென்னையில் இசைத்தட்டுக்குப் பஞ்சமில்லை. ஏ. வி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸில் தட்டு வெளியிட்டுப் பெயர் எடுத்தவர். பானுமதியின் பாட்டு வீடுவீடாக ஒலித்த காலம். விண்வெளியைக் கடந்து வந்தவர்கள் நான்கு தட்டுகளை வாங்கிப் போயிருக்கலாம். கதை அப்படிப் போகவில்லை. தட்டை வைத்துக்கொண்டு இசை கற்க முடியாது, குரு வேண்டும் என்ற நம் மண்ணின் உறுதியான நம்பிக்கை அந்தத் திரைக்கதைக்குள் ஓடுகிறது. சேகன் பாடகியை விட்டுவிட்டுத் தட்டை அனுப்பினார். ‘கலை அரசி’ தட்டை விட்டுவிட்டுப் பாடகியை அனுப்பியது. ஹாஃப்ஸ்டாட்டரின் கேள்வியை முன்னால் வைத்தால் நம் படத்தின் விடையே கனமானது என்று நினைக்கிறேன், படத்தின் மற்ற பலவீனங்கள் எப்படியிருந்தாலும்.

நார்லிகரிடம் மூன்றாவது விடை இருக்கிறது. அவருடைய வாமன் நாவலில் தரையைத் தோண்டும்போது அழிந்துபோன ஒரு பழைய நாகரிகம் விட்டுச்சென்ற பெட்டகம் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் குறியீடுகளை விஞ்ஞானிகள் படித்து, அவை சொல்கிறபடியே ஓர் அறிவுள்ள எந்திரனைச் செய்கிறார்கள். செய்து முடித்தபின்தான் அந்த நாகரிகம் எதனால் அழிந்தது என்று புரிகிறது. தட்டுக்கு முள் கொண்டுவருபவர் ஆபத்தையும் சேர்த்தே எழுப்பக்கூடும் என்று இவ்வளவு நேராகச் சொன்ன இந்திய நாவல் வேறு எனக்குத் தெரியாது. புணேக்கு வடக்கே கோடாட் கிராமத்தைச் சுற்றி 45 மீட்டர் விட்டமுள்ள 30 வானொலிக் கிண்ணங்கள் விண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலப்பகுதியில் இந்தக் கதைக்குத் தனி எடை உண்டு. ஆர்தர் கிளார்க்கின் ‘ஹிஸ்டரி லெஸன்’ (1949) இதன் மறுபக்கம். மனித இனம் அழிந்தபின் வெள்ளிக்கிரகத்து அறிஞர்களுக்குப் பூமியின் ஒரே பதிவாகக் கிடைப்பது ஒரு கார்ட்டூன் படச்சுருள். ஓட்டும் முறையைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கார்ட்டூன் பிராணியைத்தான் மனிதன் என்று நம்பி ஆராய்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் நம் மொழிகளில் தட்டு ஏறக்குறைய இல்லை. பால் போண்ட்கே தொகுத்த ‘இட் ஹாப்பண்ட் டுமாரோ’ (1993) இந்திய மொழிகளின் அறிவியல் கதைகளுக்கு நல்ல வாசல். நார்லிகர், லக்ஷ்மண் லோண்டே, சுஜாதா எல்லோரும் அதில் உண்டு. அங்கே மூளை உண்டு, பனியுகம் உண்டு, கணினி உண்டு. ஒலி மிகக் குறைவு. சுஜாதா மின்னணுப் பொறியாளர், இசையில் ஆழ்ந்த ஈடுபாடுள்ளவர். ஆனாலும் ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ நாய்க்குக் கொடுத்தது பேச்சு. பாட்டு அல்ல. கேட்டே வளர்ந்த ஒரு பண்பாட்டின் வருங்காலக் கதைகள் இப்படி ஊமையாக இருப்பதற்குக் காரணம், நாம் அறிவியல் கதையை வகுப்பறையிலிருந்து பெற்றோம் என்பதாக இருக்கலாம். கச்சேரி மேடையிலிருந்தும் தட்டுக்கடையிலிருந்தும் பெறவில்லை.

நம் மொழிகளில் ஒலியைப் பற்றி எழுதப்படாத அந்தக் கதைக்கு வேண்டியது புணேக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். 1969இல் ரிச்சர்ட் வுட்பிரிட்ஜ் என்பவர் ஒரு பொறியியல் இதழில் விசித்திரமான கடிதம் எழுதினார். குயவர் சக்கரத்தில் பானை சுழலும்போது கருவி பட்டு உண்டாகும் வரிப்பள்ளங்களில் சுற்றியிருந்த ஒலியும் பதிந்திருக்கலாம் என்றார். சக்கரத்தின் இரைச்சலைத் தான் கேட்டதாகவும் சொன்னார். அறிவியல் உலகம் அதை ஏற்கவில்லை. புனைகதை பிடித்துக்கொண்டது. கிரிகரி பென்ஃபோர்டின் ‘டைம் ஷார்ட்ஸ்’ (1979) கதையில் ஓர் ஆய்வாளர் இடைக்காலப் பானை ஒன்றிலிருந்து பேச்சை மீட்கிறார். வரலாற்றின் ரகசியத்தை எதிர்பார்த்தவருக்குக் கிடைப்பது பட்டறையில் வேலை பார்த்தவர்களின் அன்றாட அரட்டை. அவர் ஏமாந்துபோகிறார். எனக்கு அந்த ஏமாற்றம்தான் புரியவில்லை. பல நூற்றாண்டுக்கு முந்திய ஒரு சாயங்காலத்தின் அரட்டையைவிடப் பெரிய புதையல் எது?

அப்படிப்பட்ட பானைகளைத் தேடிப் போனால், புணே மாவட்டத்தின் ஷிரூர் தாலுகாவில் கோட் நதிக்கரையில் இனாம்காவ் இருக்கிறது. புணேயின் டெக்கன் கல்லூரி 1968 முதல் 1983 வரை அங்கே அகழ்ந்து, மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு வேளாண் கிராமத்தை வீடு வீடாக வெளிக்கொண்டுவந்தது. அங்கே கிடைத்த ஜோர்வே வகைப் பானைகள் சக்கரத்தில் வனைந்தவை. சிவப்பு மேனியில் கறுப்புக் கோடு. குயவருக்கும் சூளைக்கும் அந்த ஊரில் இடம் இருந்தது. எழுத்து இல்லை, அதனால் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. கீழடியில் நிலைமை மாறுகிறது. அங்கே பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று ஆட்களே தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். இனாம்காவின் பானையையும் கீழடியின் ஓட்டையும் ஒரே மேசையில் வைக்கும் ஒரு கதை, மராத்தியிலோ தமிழிலோ, எழுதப்பட வேண்டும். அதை எழுதுபவர் பென்ஃபோர்டைப் போல ஏமாற்றத்தில் கதையை முடிக்கத் தேவையில்லை. மீட்ட ஒலியில் என்ன மொழி பேசினார்கள், அதை எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டார்கள், அந்த வேகம் சரி என்று யார் முடிவுசெய்தார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். புணேயிலும் மதுரையிலும் இன்று அவை ஒவ்வொன்றுக்கும் வாதம் செய்ய ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.